யார் வசமிருந்து கடத்தப்பட்டாள்? ஆள்கடத்தல் சட்டம் நடந்து வந்த பாதை

பூதலூரில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் ஒரு படிப்பு வட்டம் நடத்துகிறோம். கல்லூரி மாணவர்கள், நர்சிங் படிக்கும் பெண்கள், திருச்சிக்குத் தினமும் ரயிலில் வேலைக்குப் போய்வரும் இளைஞர்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். சில வாரங்களுக்கு முன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, பாலிடெக்னிக் முடித்த ஒரு தம்பி இடைமறித்தான். "அக்கா, எங்க சித்தப்பா பையன் மேல கடத்தல் கேசு போட்டிருக்காங்க. அந்தப் பொண்ணுதான் போன் பண்ணி இவனை வரச் சொன்னுச்சு. பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்ததே அந்தப் பொண்ணுதான். இதுல யாரு யாரைக் கடத்துனது?"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. சித்தப்பா வீட்டில் அப்போது பூட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. பெண் வீட்டார் ஆதிக்க சாதி. ஊருக்குள் பேச்சு எப்படிப் போகும் என்று தெரியுமல்லவா, சித்தியும் சின்னப் பிள்ளைகளும் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அன்றைக்கு அவனுக்கு அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. பிறகு உட்கார்ந்து படித்துப் பார்த்தபோது, அவன் கேட்டது வேடிக்கையான கேள்வி இல்லை என்று புரிந்தது. 160 ஆண்டுகளுக்கு மேலாக இந்தச் சட்டம் நேராகப் பதில் சொல்லத் தயங்கிய கேள்வி அது. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

கடத்தல் என்றதும் நம் கண்முன் வருவது சினிமாக் காட்சி. வெள்ளை வேன், வாயில் துணி, கட்டிப்போட்ட கை. ஆனால் 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தை எடுத்து 361ஆம் பிரிவைப் படித்தால் வேன் எதுவும் இல்லை. வன்முறை பற்றியும் ஒரு சொல் இல்லை. குறிப்பிட்ட வயதுக்குக் குறைந்த ஒருவரை, சட்டப்படியான பாதுகாவலரின் வசமிருந்து, அந்தப் பாதுகாவலரின் சம்மதம் இல்லாமல், அழைத்துச் செல்வதோ ஆசைகாட்டி இழுத்துச் செல்வதோ கடத்தல். அவ்வளவுதான். யாருடைய சம்மதம் என்று கவனியுங்கள். போகிறவரின் சம்மதம் அந்த வாக்கியத்தில் எங்கும் கேட்கப்படவில்லை. இந்தப் பிரிவில் குற்றம் நடப்பது பிள்ளைக்கு எதிராக அல்ல, பிள்ளையை வைத்திருப்பவரின் உரிமைக்கு எதிராக. அந்த உரிமைக்காரர் யார்? இந்துக் குடும்பங்களைப் பொறுத்தவரை 1956ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம் தெளிவாகவே சொல்கிறது: முதலில் தகப்பன், அவருக்குப் பிறகு தாய்.

பெரியவர்களைத் தூக்கிச் செல்வதற்கு 362ஆம் பிரிவு வேறொரு சொல் வைத்திருந்தது. பலவந்தமாகவோ ஏமாற்றியோ ஒருவரை ஓரிடத்திலிருந்து போகவைப்பது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. பாதுகாவலரிடமிருந்து மைனரை அழைத்துச் சென்றால் அதுவே முழுக் குற்றம், ஏழு ஆண்டு வரை சிறை. வயது வந்தவரைப் பலவந்தமாகத் தூக்கிச் சென்றால் அந்தச் செயல் மட்டும் தனியே இந்தப் பிரிவுகளில் தண்டிக்கப்படாது. கொல்வதற்கா, அடைத்து வைப்பதற்கா, கட்டாயக் கல்யாணத்துக்கா என்ற நோக்கத்தையும் நிரூபித்தால்தான் அடுத்தடுத்த பிரிவுகள் வேலை செய்யும். தகப்பனின் வசம் மீறப்பட்டால் நோக்கமே கேட்காத சட்டம், ஆளின் விருப்பம் மீறப்பட்டால் நோக்கம் என்னவென்று விசாரிக்கிறது.

இந்தச் சிந்தனை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இங்கிலாந்துக்குப் போக வேண்டியிருக்கிறது. 1557இல் அங்கே ஒரு சட்டம் இயற்றினார்கள். 16 வயதுக்குக் குறைந்த, கல்யாணமாகாத பெண்ணைத் தகப்பன் அல்லது பாதுகாவலரிடமிருந்து கொண்டுபோனால் தண்டனை. சொத்துள்ள வீட்டுப் பெண்களைப் பற்றிய கவலை அது. அந்தப் பெண் தானே சம்மதித்துப் போயிருந்தால் அவள் பங்கு நிலத்தின் அனுபோகம் அடுத்த உறவினருக்குப் போகும் என்றும் எழுதி வைத்தார்கள். பெண், நிலம், வாரிசு மூன்றும் ஒரே முடிச்சு. 1875இல் பிரின்ஸ் என்பவர் மீதான வழக்கில், அந்தப் பெண் தனக்கு 18 வயது என்று சொன்னதை அவர் நியாயமாகவே நம்பினார் என்று ஜூரி ஏற்றுக்கொண்டும், உண்மை வயது 16க்குக் குறைவு என்பதால் தண்டனை நிலைத்தது. நீ என்ன நினைத்தாய் என்பது முக்கியமில்லை, தகப்பனிடமிருந்து கொண்டுபோனாயா என்பதுதான் கேள்வி.

மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837இல் தண்டனைச் சட்ட வரைவைக் கொடுத்தது. அது சட்டமானது 1860இல், நடைமுறைக்கு வந்தது 1862 ஜனவரி 1 அன்று. ஆரம்பத்தில் ஆண் பிள்ளைக்கு 14, பெண்ணுக்கு 16 என்று வயது வைத்தார்கள். 1949இல் அது 16, 18 என்று உயர்ந்தது. பெண் இரண்டு வருடம் கூடுதலாகத் தகப்பன் வசத்தில் இருக்க வேண்டும் என்ற கணக்கு மட்டும் சுதந்திர இந்தியாவிலும் மாறவில்லை.

இங்கிலாந்தில் நிலத்தைக் காப்பாற்றத் தேவைப்பட்ட சட்டம் இங்கே வந்ததும் சாதியைக் காப்பாற்றும் வேலைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. அண்ணல் அம்பேத்கர் 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த இந்தியாவில் சாதிகள் பற்றிய கட்டுரையில், அகமணம்தான் சாதியின் சாரம் என்று நிறுவினார். சாதி உயிரோடு இருக்க வேண்டுமானால் பெண் யாரோடு போகிறாள் என்பதைக் கண்காணிக்க ஆள் வேண்டும். சமூகவியல் வகுப்பில் அந்தக் கட்டுரையைப் படித்தபோது எனக்கு அது கோட்பாடாகத் தெரிந்தது. காவல் நிலைய வாசலில் மணிக்கணக்காக நின்ற பிறகுதான் அந்தக் கண்காணிப்பு வேலையில் பாதியை அரசாங்கம் சம்பளம் கொடுத்துச் செய்துகொண்டிருக்கிறது என்று விளங்கியது.

நம் காவிரிப் படுகைக்கு வருவோம். இங்கே ஆள் மேல் ஆள் உரிமை கொண்டாடுவது புதிதில்லை. நிலத்தோடு சேர்த்துப் பண்ணையாட்களையும் எழுதி விற்ற மண் தஞ்சாவூர். அடிமை மேல் சொத்துரிமை கோரி நீதிமன்றத்துக்கு வரக்கூடாது என்று கம்பெனி அரசு 1843இல்தான் சட்டம் போட்டது. அடிமையாக ஆளை விற்பதும் வாங்குவதும் குற்றம் என்று அதே தண்டனைச் சட்டம் 370ஆம் பிரிவில் சொன்னது. ஆனால் அதற்கு ஒரு வருடம் முன்பு, 1859இல் இன்னொரு சட்டம் வந்திருந்தது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலைக்கு வராமல் போனால் முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் புகார் செய்யலாம். வேலையைச் செய், அல்லது பணத்தைக் கட்டு என்று உத்தரவு வரும். மீறினால் மூன்று மாதம் வரை சிறை. 1925இல் நீக்கச் சட்டம் வரும் வரை இது இருந்தது. ஒரு கையால் அடிமை முறையை ஒழித்துவிட்டு, மறு கையால் ஓடிப்போகிற கூலியாளைக் குற்றவாளியாக்கிய காலம் அது. மகள் போனால் ஒரு சட்டம், கூலியாள் போனால் ஒரு சட்டம். வைத்திருந்தவனைக் கேட்காமல் போனார்கள் என்பதுதான் இரண்டிலும் குற்றத்தின் வேர்.

இன்றைக்கும் அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடும் காலத்தில் டெல்டாவில் நடந்து பாருங்கள். முந்நூறு நானூறு ஆடுகளுக்கு நடுவே பள்ளிக்கூடம் போகாத ஒரு சிறுவன் நிற்பான். பேச்சுக் கொடுத்தால் வேறு மாவட்டத்துக்காரனாக இருப்பான். சில ஆயிரம் ரூபாய் கடனுக்குத் தகப்பன் விட்டுவிட்டுப் போயிருப்பார். அவனும் வீட்டைவிட்டு வெகுதூரம் கொண்டுவரப்பட்டவன்தான். அவனை யாரும் விருப்பம் கேட்கவில்லை. ஆனால் தகப்பன் சம்மதம் இருக்கிறதே, 361ஆம் பிரிவின்படி அது கடத்தல் ஆகாது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும், 2013இல் 370ஆம் பிரிவைத் திருத்தி ஆள் வணிகத்தில் பாதிக்கப்பட்டவரின் சம்மதம் ஒரு பொருட்டில்லை என்று எழுதிய பிறகும்தான் அவனுக்கு ஒரு வழி திறந்தது. தன் விருப்பத்தோடு பஸ் ஏறிய பதினேழரை வயதுப் பெண் கடத்தப்பட்டவள். விருப்பமில்லாமல் ஆட்டு மந்தையோடு விடப்பட்ட பத்து வயதுப் பையன் கடத்தப்படாதவன். அந்தத் தம்பியின் கேள்வியை இப்போது மறுபடி படியுங்கள்.

அவன் கேள்விக்கு நேராக முகம் கொடுத்த ஒரு தீர்ப்பு உண்டு. அதுவும் நம் மாநிலத்து வழக்கு, அதன் கடைசிக் காட்சி நடந்தது தஞ்சாவூரில். வரதராஜன் எதிர் சென்னை மாநிலம் என்று சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது.

1960. சென்னையில் எத்திராஜ் கல்லூரியில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படித்த ஒரு பெண். தகப்பனார் தலைமைச் செயலகத்தில் உதவிச் செயலாளர். பக்கத்து வீட்டு இளைஞர் வரதராஜனோடு அவளுக்குப் பழக்கம். விஷயம் வீட்டுக்குத் தெரிந்தது. யாரைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறாய் என்று கேட்டபோது அவள் மறைக்காமல் பெயரைச் சொன்னாள். உடனே அவளைக் கோடம்பாக்கத்தில் ஒரு உறவினர் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். மறுநாள், அக்டோபர் 1ஆம் தேதி, அவள் அந்த வீட்டைவிட்டுக் கிளம்பி, வரதராஜனுக்குப் போன் செய்து, இன்ன தெருவுக்கு வா என்று வரச் சொன்னாள். அவர் காரில் வந்தார். சாட்சிக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு, கடையில் திருமாங்கல்யமும் குண்டும் வாங்கிக்கொண்டு, பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் ஒப்பந்தம் பதிந்தார்கள். அங்கிருந்து சாத்தூர், சிறுகுளம், கோயம்புத்தூர் என்று சுற்றிக் கடைசியில் தஞ்சாவூர். கோவையிலிருந்து ரயிலில் வந்திருந்தால் எங்கள் பூதலூர் ஸ்டேஷனைத் தாண்டித்தான் வந்திருப்பார்கள். கடத்தல் புகாரைத் துப்புத் துலக்கி வந்த போலீஸ் அவர்களைத் தஞ்சாவூரில் கண்டுபிடித்தது.

அவள் பிறந்தது 1942 நவம்பர் 13. வீட்டைவிட்டுப் போன அன்று 18 நிரம்ப ஆறு வாரம் பாக்கி. அந்த ஆறு வாரத்துக்காக எழும்பூர் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் வரதராஜனைத் தண்டித்தது. உயர் நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தது. உச்ச நீதிமன்றத்தில் 1964 செப்டம்பர் 9 அன்று நீதிபதி முதோல்கர் எழுதிய தீர்ப்பு அதைத் தூக்கிப்போட்டது.

அந்தத் தீர்ப்பு வயதுக் கணக்கை மாற்றவில்லை. மைனரின் சம்மதம் செல்லும் என்றும் சொல்லவில்லை. அது ஒரே ஒரு வினைச்சொல்லைப் பிடித்துக்கொண்டது: அழைத்துச் செல்லுதல். ஒருவரை அழைத்துச் செல்வது வேறு, தானாக வருகிறவரைக் கூட வர அனுமதிப்பது வேறு. இந்தப் பெண் கல்லூரி மாணவி, நகரத்தில் வளர்ந்தவள், தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்தே வீட்டைவிட்டு வெளியேறினாள். அவள் வெளியேறுவதற்கு இவர் தூண்டினார், வற்புறுத்தினார் என்று காட்டும் எதுவும் வழக்கில் இல்லை. வெளியேறியவளோடு சேர்ந்து போனது மட்டும் கடத்தல் ஆகாது. அவளைத் திருப்பி வீட்டில் கொண்டுபோய் விட வேண்டிய கடமை இவருக்கு இல்லை.

இதில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு, சொல்லிவிடுகிறேன். நீதிமன்றம் அவளுக்குக் கொடுத்த மரியாதைக்கு அவள் படிப்பும் பட்டணமும் காரணமாக நின்றன. களை எடுக்கப்போகும் பதினேழு வயதுப் பெண்ணுக்குத் தன் மனது தெரியாதா? பிற்பாடு பல நீதிமன்றங்கள் இந்தத் தீர்ப்பைப் படிக்காத பெண்களுக்கு மறுக்க இந்த வரிகளையே பிடித்துக்கொள்ள முடிந்தது. 1970களின் தொடக்கத்திலேயே ஹரியானாவிலிருந்து வந்த ராஜா ராம் வழக்கில், 14 வயதுப் பெண் தொடர்பாக, முன்கூட்டியே மனதைக் கலைத்திருந்தாலே போதும், பலவந்தம் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 14 வயதுக்கு அது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். சிக்கல் என்னவென்றால், காவல் நிலையத்தில் எல்லாப் பெண்ணும் மனது கலைக்கப்பட்டவளாகவே எழுதப்படுகிறாள், பையன் சேரிக்காரனாக இருந்தால்.

வயது வந்த பெண்ணுக்கு 361ஆம் பிரிவு பொருந்தாது. அதனால் அவள் விஷயத்தில் புகார் 'காணவில்லை' என்று தொடங்கி, 366க்கு நகரும். கட்டாயக் கல்யாணத்துக்காகப் பெண்ணைக் கடத்தியது, பத்து ஆண்டு வரை. அது கைக்கு வந்ததும் பையனின் அப்பாவை, அண்ணனை, தோழனை விசாரணைக்கு என்று கொண்டுபோய் உட்காரவைக்க முடியும். பெண்ணை ஒப்படைத்தால் இவனை விடுகிறோம் என்பதுதான் அந்த உட்காரவைத்தலின் அர்த்தம். வயது வந்தவர்கள் சாதி மாறிக் கல்யாணம் செய்தால் அவர்களைப் போலீஸ் பாதுகாக்க வேண்டும், தொந்தரவு செய்பவர்கள் மேல்தான் வழக்குப் போட வேண்டும் என்று லதா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இலேயே சொல்லிவிட்டது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நாயக்கன்கொட்டாயில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி சேரிகள் எரிந்தன. ஒரு பெண் தன் விருப்பத்துக்கு இளவரசனைக் கல்யாணம் செய்துகொண்டதற்காக. அப்போது ஒரு கட்சி மேடை மேடையாக 'நாடகக் காதல்' என்று பேசியது. அந்தச் சொல்லைச் சட்டத்தின் மொழியில் பெயர்த்தால் கிடைப்பதுதான் ஆசைகாட்டி அழைத்துச் செல்லுதல். சேரிப் பையனைக் காதலிக்க ஒரு பெண்ணுக்குச் சொந்த மனது இருக்க முடியாது என்ற நம்பிக்கை இரண்டிலும் ஒன்றே.

இனி மறுபக்கம். உண்மையாகவே கடத்தப்பட்ட ஒருவரைப் பற்றி.

2015 ஜூன் 23. ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், உடன் படித்த ஒரு பெண்ணோடு திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குப் போனார். அவர் தலித், அந்தப் பெண் ஆதிக்க சாதி. கோயிலில் ஒரு கூட்டம் அவர்களை வழிமறித்து, பெண்ணை அனுப்பிவிட்டு, கோகுல்ராஜைக் காரில் ஏற்றிக்கொண்டு போனது. கோயிலின் கேமராக்களில் காட்சிகள் பதிவாகியிருந்தன. மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் உடல் கிடந்தது. தற்கொலை என்று காட்ட, அவரைக் கொண்டே கடிதம் எழுதவைத்து, பேசவைத்து வீடியோவும் எடுத்திருந்தார்கள்.

தாய் சித்ரா மகனைத் தேடிக் காவல் நிலையத்துக்குப் போனார். வழக்கு எப்படித் தொடங்கியது தெரியுமா? 'காணவில்லை' என்று. பிறகு சந்தேக மரணம். அதன் பிறகுதான் கொலை. தானாகப் போன பெண்ணுக்குக் 'கடத்தல்' என்று எழுதும் பேனா, காரில் தூக்கிச் செல்லப்பட்ட தலித் இளைஞனுக்குக் 'காணவில்லை' என்று எழுதியது. எழுத்தரின் கவனக்குறைவு என்று இதை என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. யாருடைய வசத்திலிருந்து பறிக்கப்பட்டார் என்று கேட்டே பழகிய சட்டத்துக்கு, சேரிப் பிள்ளை யாருடைய வசத்திலும் இருந்ததாகத் தோன்றுவதில்லை.

அந்த வழக்கு சிபிசிஐடிக்குப் போனது, நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாறியது. கூட இருந்த பெண்ணே பிறழ்சாட்சி ஆனார். கேமராப் பதிவுகளும் சித்ராவின் பிடிவாதமும்தான் மிச்சம். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உட்பட 10 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 2023 ஜூன் 2 அன்று உயர் நீதிமன்றம் எட்டுப் பேரின் ஆயுள் தண்டனையை உறுதி செய்து, இருவருக்கு ஐந்தாண்டாகக் குறைத்தது. கொலைக்காகக் கடத்தியது என்ற 364ஆம் பிரிவும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இதில் நின்றன.

கோகுல்ராஜ் இறந்த ஆண்டின் கடைசியில் நாடாளுமன்றம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறை. தோழர்களே, நம்மில் பலர் இந்தத் திருத்தத்தைச் செருப்பு மாலை, மொட்டையடித்தல் போன்ற புதிய குற்றங்களுக்காக நினைவில் வைத்திருக்கிறோம். அட்டவணையைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. அதற்கு முன் 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3(2)(v) பிரிவு, பத்து ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களை மட்டும் பிடித்தது. ஏழாண்டு தண்டனை உள்ள சாதாரண ஆள்கடத்தல் அதற்குள் வரவில்லை. ஒரு தலித் இளைஞனைத் தூக்கிப்போய் இரண்டு நாள் தோப்பில் அடைத்து வைத்து அடித்து அனுப்பினால், கடத்தல் என்ற வகையில் அது வன்கொடுமை ஆகாது. திருத்தம் 3(2)(va) என்ற உட்பிரிவைச் சேர்த்து ஓர் அட்டவணையையும் இணைத்தது. அதில் 359, 363, 365 மூன்றும் இருக்கின்றன. ஆள்கடத்தல், அதற்கான தண்டனை, மறைவாக அடைத்து வைக்கக் கடத்துவது.

தண்டனை அளவு இதனால் கூடவில்லை, அதே ஏழாண்டுதான். ஆனால் முன்ஜாமீன் இல்லை. டி.எஸ்.பி. நிலையில் உள்ளவர் விசாரிக்க வேண்டும். சிறப்பு நீதிமன்றம். நிவாரணத் தொகை. முன்பு தலித் என்ற காரணத்துக்காகவே செய்தார் என்று நிரூபிக்கச் சொன்ன இடத்தில், தலித் என்று தெரிந்து செய்தார் என்றால் போதும் என்று 3(2)(v)யும் மாறியது. பாதிக்கப்பட்டவரையோ குடும்பத்தையோ முன்பே அறிந்தவர் என்றால் சாதியும் தெரிந்திருக்கும் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். ஒரே ஊர்க்காரர்கள் 'எனக்கு அவன் என்ன சாதின்னே தெரியாது சார்' என்று சொன்ன கதைக்கு அதோடு முடிவு. புகாரைப் பதியாத அதிகாரி மேல் 4ஆம் பிரிவு பாயும். முதற்கட்ட விசாரணை செய்துவிட்டுத்தான் எஃப்.ஐ.ஆர். என்று இழுத்தடிக்க முடியாதபடி 2018இல் 18ஏ பிரிவும் வந்தது.

சட்டம் இவ்வளவு தூரம் வந்தும், தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர்களான நாம் 2024 ஜனவரியை மறக்க முடியாது. பட்டுக்கோட்டைப் பக்கம் அடுத்தடுத்த ஊர்களைச் சேர்ந்த இருவர், இருவருக்கும் 19 வயது, திருப்பூரில் வேலை பார்த்தார்கள். பையன் தலித். 2023 டிசம்பர் 31 அன்று கல்யாணம் செய்துகொண்டார்கள். பெண்ணின் தகப்பன் கொடுத்த புகாரில் பல்லடம் போலீஸ் அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்து, ஜனவரி 2 அன்று தகப்பனோடு அனுப்பி வைத்தது. 3ஆம் தேதி அவள் உயிரோடு இல்லை. அவசரமாக எரித்தும் விட்டார்கள். பெற்றோர் கைதானார்கள், பல்லடம் ஆய்வாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.

19 வயதுப் பெண்ணுக்குச் சட்டத்தின் கண்ணில் பாதுகாவலரே கிடையாது. ஆனாலும் அந்த ஸ்டேஷனில் அவள் தகப்பனின் 'வசத்தில்' திருப்பிக் கொடுக்கப்பட்டாள். புத்தகத்தில் 1964இல் அசைந்துவிட்ட ஒரு எண்ணம் நடைமுறையில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. இத்தனைக்கும் உசிலம்பட்டியில் 2014இல் இதே போலப் பெற்றோர் கைக்குத் திரும்பிய ஒரு பெண் கொல்லப்பட்டதை ஒட்டி, திலீப்குமார் வழக்கில் 2016 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு அமைக்கச் சொல்லியிருந்தது. 2018 மார்ச்சில் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொன்னது.

நம் பக்கத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. 2025 ஜூனில் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு காதல் கல்யாணத்தை ஒட்டி, மாப்பிள்ளையைப் பிடிக்க முடியாமல் அவர் தம்பியைத் தூக்கிச் சென்றதாக வழக்கு வந்தது. அதில் தலித் கட்சி ஒன்றின் தலைவரான சட்டமன்ற உறுப்பினர் மீதும், காவல் துறையின் மிக மூத்த அதிகாரி ஒருவர் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அவர்கள் மறுக்கிறார்கள், உண்மை எது என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த வாரம் நம் வாட்ஸ்அப் குழுக்களில் நிலவிய அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. உறவினரைப் பணயமாகப் பிடிப்பது யார் செய்தாலும் கடத்தல்தான்.

2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. எண்கள் மாறியதால் ஸ்டேஷனில் நம்மைக் குழப்புகிறார்கள், ஆகவே குறித்துக்கொள்ளுங்கள். பழைய 361, 363 இப்போது 137. கட்டாயக் கல்யாணத்துக்கான 366 இப்போது 87. கொலைக்காக, பணத்துக்காக, அடைத்து வைக்கக் கடத்துவதெல்லாம் 140க்குள். வன்கொடுமைச் சட்டத்தின் அட்டவணை பழைய எண்களில் எழுதப்பட்டது, அதனால் செல்லாது என்று யாராவது சொன்னால், பொதுச் சட்டக் கூறுகள் சட்டத்தின் 8ஆம் பிரிவைக் காட்டுங்கள். நீக்கப்பட்ட சட்டத்தைச் சுட்டும் இடங்களில் புதிய சட்டத்தின் அதே பிரிவைப் படிக்க வேண்டும் என்பது 1897 முதல் உள்ள விதி.

உள்ளடக்கத்தில் நடந்த மாற்றம் ஒன்று: 16, 18 என்ற வேறுபாடு போய், ஆணோ பெண்ணோ 18 வயதுக்குக் குறைந்தவர் எல்லோரும் 'குழந்தை'. பதினாறு பதினேழு வயதுப் பையனை வேலைக்கென்று ஏமாற்றிக் கொண்டுபோவதைப் பிடிக்க இது உதவும், வரவேற்கிறேன். ஆனால் பாதுகாவலரின் வசம், பாதுகாவலரின் சம்மதம் என்ற பழைய வாக்கியம் அப்படியே இருக்கிறது. காலனியச் சட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டோம் என்றார்கள், 1557இன் வாசனை போகவில்லை. பதினேழு வயதுப் பெண் என்றால் போக்சோவும் கூடவே வரும். பதின்வயதுக் காதலை இந்தச் சட்டம் நோக்கமாகக் கொள்ளவில்லை என்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜனவரியில் எழுதினார். இப்படிப்பட்ட வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்யாதீர்கள் என்று தமிழக டி.ஜி.பி. 2022 டிசம்பரில் சுற்றறிக்கை விட்டார். சுற்றறிக்கை சட்டமல்ல, ஆனாலும் ஒரு நகல் பையில் இருக்கட்டும். 2025 அக்டோபரில், ஆணவக் கொலைகளைத் தடுக்கும் சட்டத்துக்குப் பரிந்துரை தர ஓய்வுபெற்ற நீதிபதி பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக மாநில அரசு அறிவித்தது. அந்த ஆணையத்தின் முன் நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகளில் இதுவும் ஒன்று என்று நினைக்கிறேன்: சாதி மாறிய உறவில் காணவில்லை என்றோ கடத்தல் என்றோ புகார் வந்தால், பெண்ணின் வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட் பதிவு செய்யும் வரை அவளை எந்த உறவினரிடமும் ஒப்படைக்கக்கூடாது, ஒப்படைத்தால் அந்த அதிகாரி பொறுப்பு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பி ஒரு காகிதத்தோடு வந்தான். பெண்ணின் பத்தாம் வகுப்புச் சான்றிதழின் நகல், அவளே வாட்ஸ்அப்பில் அனுப்பியது. வயதைத் தீர்மானிக்க முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். எல்லோரும் குனிந்து பிறந்த தேதியைப் பார்த்தோம். நர்சிங் படிக்கும் பெண் விரல்விட்டு எண்ணினாள். 18 முடிந்து நாலு மாதம். "அப்ப கடத்தல் இல்லல்லக்கா?" என்றான். 137 நிற்காது, 87 போட்டிருக்கிறார்களா என்று எஃப்.ஐ.ஆர். நகலைப் பார்க்க வேண்டும், அவள் மாஜிஸ்திரேட் முன்னால் போய்ச் சொல்ல வேண்டும், அதுவரை இரண்டு பேரும் தனியாக ஊர்ப்பக்கம் வரக்கூடாது என்றேன். வழக்கறிஞர் தோழர் திங்கட்கிழமை தஞ்சாவூர் நீதிமன்றத்தில் இருப்பதாகச் சொல்லியிருந்தார். அவன் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சித்தி எப்போது வீட்டுக்கு வரலாம் என்று கேட்டான்.